நீலத்தில் கிடந்த பெண் தவளைகள்

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது, அதன் பின்னால் பூட்டு அமுங்கிய சத்தமும் கேட்டது, இரண்டுக்கும் முன்னால் நயினார் அண்ணாச்சி வாசலில் நின்று "உள்ள யாரும் இருக்கியளா?" என்று கேட்டதும் கேட்கத்தான் செய்தது. நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால், மைக்ராஸ்கோப்பில் கண் இருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அண்ணாச்சி தினமும் ஒரு மணிக்கு இப்படிக் கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார், விலங்கியல் துறை மியூசியத்தைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார், இரண்டு மணிக்கு வந்து திறப்பார். முன்பு அப்படி வழக்கம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பி.எஸ்சி. பையன் மூலையில் தொங்கும் மனித எலும்புக்கூட்டின் வாயில் பீடியைச் செருகி, தோளில் கை போட்டுப் படம் எடுத்தான், படம் பிரின்சிபாலின் போன் வரைக்கும் போய்விட்டது. அதிலிருந்து எலும்புக்கூட்டுக்கும் எங்களைப் போல மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு. போன் செமினார் ஹாலில் சார்ஜில் கிடக்கிறது. பையும் அங்கேதான். என்னிடம் இருப்பது ரெக்கார்டு நோட்டும் ஒரு பேனாவும் இந்தக் கண்ணாடிக் கிண்ணமும். கிண்ணத்துக்குள் கிளிசரினில் மிதக்கும் ஒரு பெண் தவளை, எண் பதினேழு. இரண்டரை மணிக்கு நான் செமினார் ஹாலில் நின்று ஐந்து வருஷ ஆராய்ச்சியை நாற்பது நிமிஷத்தில் சொல்ல வேண்டும். கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் தலையாட்டினால் ஒரு மாதத்தில் தீசிஸைக் கொடுத்துவிடலாம். மே முப்பத்தொன்றாம் தேதி தேவசகாயம் சார் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கொடுக்காவிட்டால் வேறு கைடு, வேறு கையெழுத்துகள், எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் கொடுத்தாக வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நானும் சாரும், காலையில் வணக்கம் சொல்வதுபோல.

கடைசி ஸ்லைடுக்கு முழு உடம்புப் படம் ஒன்று இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றித்தான் உள்ளே வந்தேன். அதுவரை எடுத்த படம் எல்லாம் கால்தான். எங்கள் ஆராய்ச்சியே கால்தானே. மண்தவளை என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் அந்தக் குண்டுத் தவளைக்குப் பின்னங்காலில், பெருவிரலுக்கு உள்பக்கம், மேலே தோல் தடித்துக் காய்ப்புக் காய்ச்சினது மாதிரி ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டுக்குள் ஒரு கூடுதல் எலும்பு, நகம் அளவுக்குக்கூட இருக்காது, அதை வைத்துத்தான் அது மண்ணைக் கிளறித் தள்ளுகிறது. லேபில் நாங்கள் அதற்கு வைத்த பேர் மம்மட்டி. தாவுகிற தவளைக்குக் காலெலும்பு நீளம், தோண்டுகிற தவளைக்குக் குட்டை. எந்தத் தவளைக்கும் கழுத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கழுத்துக்கு ஒரே ஒரு முள்ளெலும்புதான், திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டும். விலா எலும்பு கிடையாது. முதுகின் கடைசியில் வாலுக்குப் பதிலாக ஒரு குச்சி. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எலும்பைப் பார்க்க உடம்பைக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். முதலில் நீலச் சாயம், அது குருத்தெலும்பில் மட்டும் பிடிக்கும். பிறகு சதையைத் தெளியவைத்து, அதன்பின் சிவப்புச் சாயம், அது சுண்ணாம்புச் சத்துள்ள எலும்பில் மட்டும் பிடிக்கும். கடைசியில் கிளிசரினில் போட்டால் சதை காணாமல் போய், சிவப்பும் நீலமுமாக எலும்பு மட்டும் நிற்கும். முதல்தடவை பார்த்தபோது, இவ்வளவு அழகான ஒன்றை நம் கையால் செய்திருக்கிறோமா என்று கொஞ்ச நேரம் நம்ப முடியவில்லை. பதினான்கு ஆண் தவளைகளில் மம்மட்டி சிவப்பு. பதினோரு பெண் தவளைகளில் மம்மட்டி நீலம். ஆணுக்கு எலும்பு, பெண்ணுக்கு வெறும் குருத்தெலும்பு. சார் அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இதுதாம்மா உன் தீசிஸ். ஆண் ஈரமண்ணில் குழி தோண்டி உட்கார்ந்து கத்துது, பெண் முட்டையிட மட்டும் வருது. தோண்டுறது பெண்ணோட வேலையே இல்ல. எலும்பே சொல்லுது பாரு." நானும் பார்த்தேன். நீலமாகத்தான் இருந்தது. கட்டுரை எழுதினோம், போன மாதம் ஏற்றுக்கொண்டும் விட்டார்கள், என் பேர் முதலில். இதெல்லாம் கால். இன்று படத்துக்காகக் கிண்ணத்தை நகர்த்தியபோது கை கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டது. கால் போய், தொடை போய், முதுகு போய், தலை வந்து நின்றது. மூக்கெலும்பைக் காணோம்.

காணோம் என்றால் உடைந்து போகவில்லை. இருக்கிறது, நிறமில்லாமல் இருக்கிறது. குவியத்தை ஏற்றி இறக்கினால் கண்ணுக்கு முன்னால் மெல்லிய தகடு மாதிரி அதன் விளிம்பு மினுங்குகிறது, சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. அப்போதுதான் அண்ணாச்சி "உள்ள யாரும் இருக்கியளா?" என்றார். நான் இருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. காலெலும்பு குருத்தெலும்பாகத் தொடங்கிப் பிறகு எலும்பாகும், அதனால் கால் நீலமாக இருந்தால் 'இது இன்னும் எலும்பாகவில்லை' என்று சொல்லிவிடலாம். மூக்கெலும்பு அப்படி இல்லை. அது ஒருநாளும் குருத்தெலும்பாக இருந்தது கிடையாது, தோலுக்கடியில் நேராக எலும்பாகவே படிவது. அது சிவக்க வேண்டும், வேறு வழியே இல்லை. சிவக்கவில்லை என்றால் அதிலிருந்த சுண்ணாம்பை ஏதோ ஒன்று கரைத்துக் கொண்டுபோய்விட்டது. மூக்கிலிருந்து கரைத்தது காலை மட்டும் விட்டுவைத்திருக்குமா? தடித்த தொடையெலும்பில் கொஞ்சம் சிவப்பு மிஞ்சும், நகம் அளவுகூட இல்லாத மம்மட்டியில் என்ன மிஞ்சும்? எண் பதினெட்டை எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது. இருபத்திரண்டு. ஆண் ஒன்று வேண்டும் என்று எண் மூன்றை எடுத்தேன். எண் மூன்றின் மூக்கில் இரண்டு சிவப்புத் தகடுகள், மாதுளை முத்து மாதிரி. ஒரு வருஷத்துக்கும் மேலாக இந்தக் கிண்ணங்கள் இந்த அலமாரியில் இருக்கின்றன. யாரும் தலையைப் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லையா, பார்க்க வேண்டாம் என்று இருந்தேனா? இந்தக் கேள்வி இருக்கட்டும், பிறகு இதற்கு வருவோம். நீலச் சாயம் எதில் கரைந்திருக்கிறது? அமிலத்தில். அமிலத்தில் எலும்பு ஒரு நாளைக்குமேல் கிடக்கக் கூடாது. முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தது, லேப் சுவரில் என் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது: நீலத்தில் பன்னிரண்டு மணி நேரம், மறக்காதே.

மறக்கவில்லை. அதுதான் விஷயம். பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்த வருஷம் அது. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண் தவளைகள் பதினொன்றையும் நீலத்தில் போட்டேன். ஐப்பசி மழையில் ஓடைக்கரை ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் செத்தவை, அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் பொறுக்கியவை, உடம்பு முழுசாக இருந்தது அந்தப் பதினொன்றுதான். வெள்ளிக்கிழமை காலையில் வந்து எடுத்துவிட்டு மத்தியானம் ஊருக்குப் போகலாம் என்று நினைப்பு. சாயங்காலம் ஆறரைக்கு ஹாஸ்டலில் சொன்னார்கள், வெள்ளியும் லீவாம், ஹாஸ்டலையும் இப்பவே மூடுகிறார்களாம். லேபுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. நயினார் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். பஸ்ஸில் இருந்தார், இரைச்சலுக்குள் "சாவி எங்கிட்டதாம் தாயி இருக்கு, நான் கயத்தாறு தாண்டிட்டேன். தவளை எங்கயும் ஓடிராது, செத்ததுதான?" என்று சிரித்தார். சாருக்கு போன் செய்திருக்கலாம். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. எண்ணைக்கூட எடுத்தேன். அதற்கு முந்தின வருஷம் ஒரு சீனியர் அண்ணன் லேப் அடுப்பில் சாம்பிளை மறந்து கருக விட்டதற்கு சார் ஒன்றும் திட்டவில்லை, "முதல் தலைமுறையா படிக்க வர்றவங்களுக்கு ஒரு தடவை நழுவினா அடுத்த தடவை கிடையாது, ஞாபகம் வச்சுக்கோங்க" என்று மட்டும் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். எண்ணை மூடிவிட்டேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். அம்மா பொங்கல் பானையை இறக்கும்போது குலவை போட்டாள், எனக்கு நீலத்தில் கிடக்கும் பதினொன்றும் தெரிந்தது. கரும்பைக் கடித்தால் நீலம். தங்கச்சி மாட்டுக் கொம்புக்கு அடிக்க நீலப் பெயின்ட்டைக் கலக்கியபோது நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணாச்சி கதவைத் திறந்ததும் எடுத்தேன், கழுவினேன், அடுத்த வேலைக்குப் போனேன். இதோ, ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கம். ஒவ்வொரு சாயத்துக்கும் எதிரே 'எத்தனை மணி நேரம்' என்று ஒரு கட்டம். நீலத்துக்கு எதிரே ஆண்களுக்கு எல்லாக் கட்டத்திலும் பன்னிரண்டு என்று இருக்கிறது. பெண்களுக்கு மற்ற எல்லாம் நிரப்பியிருக்கிறேன், தேதி, எடை, நீளம், கழுத்தடியில் ஆணுக்கு இருக்கும் கறுப்பு இல்லை, வயிற்றில் முட்டை உண்டு. அந்த ஒரு கட்டம் மட்டும் பதினோரு தடவையும் காலி. பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் நான் பொய் சொன்னவள். எழுதவில்லை, அதனால் பொய் சொல்லாதவள் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலியாக விட்ட கட்டம் எவ்வளவு பெரிய வாய் என்று இந்த மேஜைமேல் விரித்து வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

மணி ஒன்று இருபதாவது இருக்கும். மியூசியத்துக்கு ஒரே ஜன்னல், ஆள் உயரத்துக்கு மேலே, கம்பிவலை அடித்தது. அதன் வழியாக வெயிலும் ஃபார்மலின் வாடையைப் போக்காத கொஞ்சம் காற்றும் வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்காருகிறவர்களின் பேச்சும் வரும். அலமாரிகளில் பாட்டில் பாட்டிலாக எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பாம்பு, தேள், இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி. வியர்வை முதுகில் ஒழுகுகிறது. இந்த நாளுக்கு என்று வாங்கின சேலை, அம்மா எடுத்துக் கொடுத்தது, அதுவும் நீலம், இதை இப்போதுதானா கவனிக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே யாரோ செருப்பைத் தட்டி உட்கார்ந்தார்கள். தூக்குவாளி மூடி சிணுங்கியது. அந்தச் சிணுங்கல் எங்கள் வீட்டுத் தூக்குவாளி. அம்மா வந்துவிட்டாள். இரண்டரைக்குத்தான் என்று சொல்லியிருந்தேன், அவள் நூறு நாள் வேலையில் அட்டையைக் கொடுத்துவிட்டுக் கிடைத்த பஸ்ஸைப் பிடித்திருப்பாள். "ஏ அண்ணாச்சி, எம்மவ முப்புடாதி எங்க இருக்கா?" என்றாள். நயினார் அண்ணாச்சி வாயில் சோற்றோடு, "சாப்பிடப் போயிருப்பா தாயி, இருங்க" என்றார். "சாப்பாடு எங்கிட்டல்லா இருக்கு?" "அப்ப லைப்ரரில இருப்பா. இன்னைக்கு அவ பேசணும்லா, படிச்சுக்கிட்டு இருப்பா." கூப்பிடலாம். ஸ்டூலில் ஏறி அம்மா என்று ஒரு குரல் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் கதவு திறக்கும். ஸ்டூலில் ஏறினேன். வலையில் வாயை வைக்கவில்லை. கதவு திறந்தால் நான் வெளியே போக வேண்டும், போனால் சார் இருப்பார், பென் டிரைவைப் போட வேண்டும், முதல் ஸ்லைடு வரும், நீலக் கால். இந்தப் பூட்டு எனக்கு எதிரியா, காவலா? மண்ணுக்குள் இருக்கிற தவளையை யாராவது பூட்டிவிட்டார்களா என்ன, அதுவாகத்தானே இறங்கியது. ஆனால் மண் காய்ந்து இறுகிய பிறகு அதுவே நினைத்தாலும் வர முடியாது. மழை வந்து மேலிருந்து நனைக்க வேண்டும்.

"தவளையைப் பத்தித்தான பேசப் போறா?" என்றாள் அம்மா. "ஆமா. பொட்டத் தவளை மண்ணு தோண்டாதுன்னு கண்டுபிடிச்சிருக்கா ஒம் மவ. சார்வாள் எல்லாருட்டயும் சொல்லுதாவ." அம்மா, "யாரு, தோண்டாதா?" என்றாள். "தோண்டாதாம்." "அப்ப கோடைக்கு எங்க போவுமாம்? குடை பிடிச்சுக்கிட்டு நிக்குமா?" அண்ணாச்சி சிரித்துப் புரையேறினார். "ஆம்பள தோண்டி வைக்குமாம், இது போயி இருந்துக்கிடுமாம்." "ஆம்பள தோண்டி வச்சு எந்தப் பொட்ட போயி சொகமா இருந்திருக்கு? எங்க வேலைக்கு வந்து பாருங்க அண்ணாச்சி, குளத்துல எறங்கித் தோண்டுறது பத்துக்கு எட்டுப் பொம்பளை. மீதி ரெண்டு பேரு வரப்புல உக்காந்து பீடி குடிக்காவ." "அது மனுசக் கதை தாயி. இது தவளை." "தவளையத்தான் சொல்லுதேன். போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி, ஓடைக்கரைல வரப்பு வெட்டயில நான் கண்ணால பாத்தேன். வயிறு பூரா முட்டை, தோலுக்குள்ள கறுப்புக் கறுப்பாத் தெரியுது. பின்னங்கால இப்படி இப்படி ஆட்டுது. நம்மள மாதிரிக் குனிஞ்சு தோண்டாது பாத்துக்கிடுங்க. பின்பக்கமாவே எறங்கும். வானத்தப் பாத்துக்கிட்டே உள்ள போவும். கடைசியாக் கண்ணு ரெண்டும் தெரிஞ்சுது, பொறவு அதுவும் இல்ல." நான் ஸ்டூலில் நிற்கிறேன். எனக்கு இது தெரியும். அந்த ஐப்பசியிலேயே அம்மா போனில் சொன்னாள், கூலி வாங்கியதைக்கூடச் சொல்லவில்லை, இதைத்தான் முதலில் சொன்னாள். நீலம் வந்த பிறகு நான் சாரிடம் சொன்னேன். சார் சிரிக்கவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார், "அம்மா ஆணைப் பார்த்திருப்பாங்கம்மா. மேலேருந்து பார்த்தா ஆண் பெண் தெரியாது." ஆணுக்கு வயிற்றில் முட்டை ஏது சார் என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு வரி. கேள்வி நாக்கு வரைக்கும் வந்தது, அங்கே ஒரு பல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. ஊருக்குப் போனபோது அம்மாவிடம், நீ பார்த்தது ஆணும்மா என்றேன். கட்டுரையின் முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன், அதை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறாள், இங்கிலீஷ் தெரியாது, படத்தைப் பார்த்து, "இது நம்ம ஓடைக்கரைத் தவளைக் காலுதான?" என்றாள். வெளியே அண்ணாச்சி, "அப்ப ஒம் மவ கண்டுபிடிச்சது தப்பா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான். அம்மா தூக்குவாளியை மூடினாள். "அவ படிச்சவ அண்ணாச்சி. மிஷினுல வச்சுப் பாத்துருக்கா. நான் பாத்தது ஆணாம், அவளே சொன்னா. அப்ப ஆணாத்தான் இருக்கும்." "வயித்துல முட்டையோடயா?" "எனக்கு என்ன தெரியும், மண்ணு வெட்டுறவ. வெயில்ல கண்ணு அவிஞ்சிருக்கும்."

வெயிலில் கண் அவிந்திருக்கும். இதை அவள் எனக்காகச் சொல்கிறாள். எனக்காகத் தன் கண்ணையே இல்லை என்று சொல்கிறாள், அதுவும் நான் கேட்கிறேன் என்று தெரியாமல். ஸ்டூலிலிருந்து இறங்கி உட்கார்ந்தேன். யோசி. நிதானமாக யோசி. இரண்டரைக்குப் போய்ப் பேசினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. படம் கால்தான். கமிட்டியில் மதுரை மேடம் கூர்மையானவர், ஆனால் அவருக்கு மீன்தான் துறை. கோடையில் பெண் எங்கே போகும் என்று கேட்டால் எலிவளை, நண்டுவளை, ஆண் விட்டுப்போன குழி என்று பதில் தயாராக இருக்கிறது, சார் எழுதிக் கொடுத்தது, என் வாயில் நன்றாக வரும். தலையாட்டுவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், அம்மா கடைசி வரிசையில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கை தட்டுவாள். மேக்குள் தீசிஸ். நான் டாக்டர் முப்புடாதி. எங்கள் தெருவில் காலேஜ் படியேறியதே நான்தான், அதில் டாக்டர். ஒருநாள் ஒடிசாவிலோ பிரேசிலிலோ யாரோ ஒருத்தி எங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தன் பெண் தவளையை வெட்டவெளியில் தேடுவாள், கிடைக்காது, தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வாள். அவளும் வெயிலில் கண் அவிந்தவள். சொன்னால் என்ன ஆகும்? கட்டுரையைத் திரும்ப வாங்க வேண்டும். சார் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெறும் வருஷத்தில். அவர் பேரும் அதில் இருக்கிறது, இரண்டாவதாக. பெண் தவளைகள் மறுபடி வேண்டும், ஐப்பசி மழை வரைக்கும் அவை வெளியே வராது, இப்போது மாசி, அதுவரை எந்த மண்ணுக்கடியில் எத்தனை அடியில் இருக்கிறதோ. நானும் அதுவரை இருக்க வேண்டும், கைடு இல்லாமல், ஹாஸ்டல் இல்லாமல். இல்லை, முதலில் அதைச் சொல்லாதே. முதலில் மூக்கு. ஒருவேளை பழைய ஃபார்மலின் காரணமாக இருக்கலாம். ஒருவேளை மூக்கில் மட்டும் சிவப்பு மங்கியிருக்கலாம், ஒரு வருஷம் வெளிச்சத்தில் இருந்ததே. ஆண்களும் அதே அலமாரியில்தான் இருந்தன. சரி, ஒருவேளை பதினேழு மட்டும். பதினெட்டு, பத்தொன்பது, இருபத்திரண்டு பார்த்தாயிற்று. மிச்சம் ஏழு. மிச்சம் ஏழையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கிண்ணத்தை நகர்த்தி, கால், தொடை, முதுகு, தலை. அவை எதுவும் திரும்பிப் பார்க்க முடியாதவை, கழுத்து இல்லாதவை, எல்லாம் மேலே பார்த்துக்கொண்டு இருந்தன. கடைசித் தவளையின் கண்குழிகளுக்கு முன்னால் நிறமில்லாத தகடு மினுங்கியபோது எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பொங்கலிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான். இடத்தைக் காலி செய்யவில்லை.

பேனாவைத் திறந்தேன். வியாழன் சாயங்காலம் ஐந்திலிருந்து புதன் சாயங்காலம் ஐந்து வரை ஆறு நாள், நூற்று நாற்பத்து நான்கு மணி நேரம். அதில் ஏழு குறைய வேண்டும். நூற்று முப்பத்தேழு. முதல் கட்டத்தில் எழுதினேன். கை வியர்த்து மை லேசாகக் கலங்கியது. பதினோரு தடவை எழுத வேண்டும், மேற்படி என்று கோடு போடக் கூடாது, ஒவ்வொரு தவளையும் தனித்தனியாகத்தான் கிடந்தது. ஐந்தாவது கட்டத்தில் ஒரு யோசனை வந்தது, இது பழைய மையோடு ஒத்துப்போகாது, இன்றைக்கு எழுதியது என்று எல்லாருக்கும் தெரியும் என்று. தெரியட்டும் என்று பக்கத்தில் இன்றைய தேதியையும் போட்டேன். பதினொன்றும் முடிந்தபோது பெல் அடித்தது. தாழ்ப்பாள் இழுபட்டது. வெளிச்சத்தோடு அண்ணாச்சி நின்று, "எம்மா! உள்ளயா இருந்த? நான் கூப்பிட்டேனே தாயி!" என்றார். "கேட்டுச்சு அண்ணாச்சி" என்றேன். அவருக்குப் பின்னால் அம்மா, தூக்குவாளியோடு, என் முகத்தைப் பார்த்ததும் "ஏட்டி, என்ன இப்படி வேத்திருக்கு, பட்டினியாவா கெடந்த?" என்று உள்ளே ஒரு காலை வைத்தவள், பாட்டில்களைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். அவளுக்கும் பின்னால் வராந்தாவில் தேவசகாயம் சார், கமிட்டிக்காரர்களுக்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், சிரித்துக்கொண்டே, "ரெடியாம்மா? மதுரை மேடம் வந்துட்டாங்க" என்றார். நான் வாசலுக்குப் போகவில்லை. என் கால் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன, பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருப்பதுபோல. "சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க. பதினேழைப் பாருங்க. காலை இல்ல, தலையை." அவர் பிஸ்கட்டை மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். குவியத்தை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். முதலில் அவர் முதுகில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சட்டைக்குள் தோள்பட்டை இரண்டும் மெதுவாகத் தாழ்ந்தன. தலையை எடுக்காமலே கேட்டார், "மூக்கெலும்பு எங்கம்மா?"

நோட்டை விரித்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். "நூற்று முப்பத்தேழு மணி நேரம் சார்" என்றேன். "பொங்கலுக்கு. நீலத்துல." குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அவர் இன்னும் கண்ணை எடுக்கவில்லை. அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை, ஏதோ உடைந்துவிட்டது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும், தூக்குவாளியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். சொல்ல இன்னும் ஒன்றுதான் இருந்தது. "சார்," என்றேன், "அம்மா பார்த்தது பெண் தவளைதான்."